பார்சிலோனா கப்பல் பயணம்: இவர் எக்ஸெல் போடுகிறார், நான் சும்மா போனால் போதும் என்கிறேன். யார் சொல்வது சரி?

தென்னங்கீற்று:

வணக்கம். வீட்டில் நடக்கும் பஞ்சாயத்து ஒன்றை இங்கே கொண்டு வருகிறேன், போய் வந்தவர்கள் யாராவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் பார்சிலோனாவில் ஏறி, ஒரு வாரம் சுற்றிவிட்டு அங்கேயே வந்து இறங்கும் கப்பலில் இடம் போட்டிருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிறது. ஞாயிறு பால்மா, திங்கள் மார்செய், செவ்வாய் லா ஸ்பெட்சியா, புதன் சிவிடவெக்கியா (அதுதான் ரோமுக்குத் துறைமுகமாம்), வியாழன் நேப்பிள்ஸ், வெள்ளி முழுக்கக் கடலில், சனி காலை மறுபடி பார்சிலோனா. நானும் கணவரும், 11 வயதுப் பெண், 7 வயதுப் பையன், 68 வயது மாமியார். சென்னையிலிருந்து போகிறோம், எல்லோருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்.

இவர் ஒரு எக்ஸெல் போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள், அரை மணிக்கு ஒரு வரிசை. புதன்கிழமைத் தாளில் "9.30 புனித பேதுரு பெருங்கோவில், 11.45 கொலோசியம், 1.20 சாப்பாடு, 2.15 ட்ரெவி நீரூற்று" என்று போகிறது, ஐஸ்கிரீம் சாப்பிட இருபது நிமிஷம் ஒதுக்கி அதற்கு மஞ்சள் கலர் வேறு அடித்திருக்கிறார். கடலில் இருக்கும் வெள்ளிக்கிழமைக்குக்கூடத் தாள் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது ஒத்து வரவில்லை. வருஷம் முழுக்க டிபன் பாக்ஸ், பள்ளி வேன், ஆபீஸ் மீட்டிங் என்று மணியைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறேன், அங்கேயும் போய் "இன்னும் ஆறு நிமிஷம்தான் இருக்கு" என்று ஒருவர் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால் அது என்ன லீவு? காலையில் எழுந்து, ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்து, பிடித்தால் இறங்கலாம், இல்லாவிட்டால் கப்பலிலேயே கிடக்கலாம் என்பது என் கட்சி. அவரோ, இவ்வளவு பணம் கட்டிப் போய் ரோமைப் பார்க்காமல் திரும்பினால் அதைவிட முட்டாள்தனம் உண்டா என்கிறார்.

எதையெல்லாம் முன்னாலேயே செய்தே ஆக வேண்டும், எதையெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்? தயவுசெய்து "இரண்டும் அளவோடு வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை என் அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

கணக்குப்பிள்ளை:

என் ஓட்டு உங்கள் வீட்டுக்காரருக்கு.

மனம் போன போக்கில் கப்பல் ஏறுவதெல்லாம் ஐரோப்பாவிலேயே இருப்பவர்களுக்குச் சரிப்படும், போன வாரம் விலை குறைந்தது என்று இந்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) வேண்டும், விசாவுக்கு விமான டிக்கெட், தங்குமிடம், கப்பல் பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம் எல்லாம் வேண்டும். அவர் எக்ஸெல் போடாவிட்டாலும் தூதரகம் போடச் சொல்லும். பயணத்துக்கு 6 மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்கமாட்டார்கள், ஆனால் மே மாதத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரிய பாடு, அதனால் கடைசி மாதம் வரை காத்திருக்காதீர்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் 45. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டு விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கப்பல் இத்தாலியில் மூன்று நாள் நிற்கிறது, பார்சிலோனாவில் முன்னும் பின்னும் எத்தனை இரவு தங்குகிறீர்கள் என்பதை வைத்துத்தான் ஸ்பெயினா இத்தாலியா என்று முடிவாகும். அதனால் ஹோட்டல் இரவுகளை முதலில் முடிவு செய்யுங்கள். நீங்கள் சொன்ன ஊர்கள் எல்லாமே ஷெங்கனுக்குள்தான் இருக்கின்றன, ஆனாலும் கப்பல் நிறுவனம் பலமுறை நுழையும் விசா கேட்கிறதா என்று அவர்களிடமே எழுதிக் கேட்டு வாங்கி வையுங்கள், வழியில் ஒரு ஊர் மாறினால் அந்தக் கவலை இல்லாமல் இருக்கும்.

இன்னொன்று, கப்பல் கிளம்பும் அன்று காலை பார்சிலோனாவில் இறங்குகிற மாதிரி விமானம் போடவே கூடாது. ஒரு நாள் முன்னால் போங்கள். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது.

ரயில்சிநேகன்:

விசா விஷயத்தில் கணக்குப்பிள்ளை சொன்னதில் மறுபேச்சு இல்லை. அதற்கு அப்புறம் நடக்கிற விஷயத்தில்தான் நான் அவரோடு சேரமாட்டேன்.

சகோதரி, நீங்கள் இருவரும் சண்டை போடுவது தப்பான இடத்தில். திட்டமா, திட்டமில்லையா என்று மொத்தமாகப் பேசினால் விடியாது, ஒவ்வொரு துறைமுகமாக எடுத்துக்கொண்டு, கப்பல் நிற்கிற இடத்துக்கும் நீங்கள் பார்க்க விரும்புகிற இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஊர் காலடியிலேயே இருந்தால் எந்தத் திட்டமும் வேண்டாம். விளம்பரத்தில் ஒரு ஊர்ப் பெயர் போட்டு இன்னொரு ஊரில் நிறுத்தினால் அந்த நாளுக்குத் திட்டம் வேண்டும். உங்கள் ஐந்து நிறுத்தங்களில் நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியது ரோம் ஒன்றுதான், நேப்பிள்ஸில் பாதி.

பால்மா ஞாயிற்றுக்கிழமை. அங்கே கடலைப் பார்த்து நிற்கிற பெரிய கதீட்ரல்தான் எல்லோரும் பார்ப்பது, ஞாயிறன்று வழிபாட்டுக்கு மட்டும்தான் திறப்பார்கள், டிக்கெட் வாங்கி உள்ளே சுற்ற முடியாது. எக்ஸெல்லில் அது இருந்தால் அழிக்கச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பார்த்தாலே கண் நிறைந்துவிடும், கடற்கரையோரம் நடக்கலாம், பழைய தெருக்களுக்குள் புகுந்து எங்கேயாவது உட்காரலாம். 1912-இலிருந்து ஓடுகிற மரப்பெட்டி ரயில் ஒன்று மலைக்குள் புகுந்து சோயர் என்ற ஊருக்குப் போகிறது, என் பெயரைப் பார்த்தாலே தெரியும் நான் எதைச் சொல்வேன் என்று. அதில் ஆசை இருந்தால் மட்டும் முன்னாலேயே டிக்கெட் எடுங்கள்.

மார்செயில் கப்பல் நிற்கிற இடத்திலிருந்து பழைய துறைமுகப் பகுதி நடக்கிற தூரமில்லை, ஷட்டில் பஸ் பிடித்துப் போய் இறங்கிவிட்டால் மீன் விற்கிறவர்கள், படகுகள், மேலே குன்றில் தங்க மாதா சிலையோடு நோத்ர் தாம் த லா கார்த் தேவாலயம், எல்லாம் அங்கேயே. குன்று மேல் வரை பஸ் போகிறது. தீவுக்கோட்டைக்குப் படகில் போகலாம் என்று யாராவது சொல்வார்கள், மிஸ்ட்ரல் காற்று அடித்தால் படகு ஓடாது, அதனால் அதற்கு முன்பதிவு செய்வதே வீண்.

லா ஸ்பெட்சியாதான் உங்கள் கட்சிக்காகவே கடவுள் படைத்த துறைமுகம். பெரும்பாலோர் இங்கிருந்து பிளாரன்ஸுக்கு ஓடுகிறார்கள், போக இரண்டு மணி நேரம் வர இரண்டு மணி நேரம், நான் வேண்டாம் என்பேன். பக்கத்திலேயே சிங்குவெ தெர்ரே, கடலோரப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஐந்து கிராமங்கள். லா ஸ்பெட்சியா ஸ்டேஷனிலிருந்து முதல் கிராமமான ரியோமஜோரேவுக்கு ரயிலில் பத்து நிமிஷம்கூட ஆகாது, சீசனில் அடிக்கடி ரயில் உண்டு, நாள் முழுக்கச் செல்லுகிற ஒரு கார்டு வாங்கிவிட்டால் எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். எங்கே பிடிக்கிறதோ அங்கே இருங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும், கோர்னிலியா என்ற நடுக் கிராமத்துக்கு ஸ்டேஷனிலிருந்து கிட்டத்தட்ட 380 படி ஏற வேண்டும், மாமியாரை அங்கே இறக்கிவிடாதீர்கள். கடைசிக் கிராமமான மோன்டெரோஸோவில் சமதளமும் மணல் கடற்கரையும் உண்டு.

இப்போது ரோம். சிவிடவெக்கியாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், ஆனால் கப்பலிலிருந்து இறங்கி, துறைமுக பஸ் பிடித்து, ஸ்டேஷன் போய், டிக்கெட் வாங்கி, ரோமில் இறங்கும்போது இரண்டு மணி நேரம் போயிருக்கும். திரும்பவும் அதே. ஆக கையில் மிஞ்சுவது ஆறு மணி நேரம் இருந்தால் அதிகம். அங்கே "பார்த்துக்கொள்ளலாம்" என்று போய் நின்றால் கொலோசியத்தை வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் டிக்கெட்டுகள் நேரம் போட்டு, பெயர் போட்டு விற்கப்படுகின்றன. ஆனால் உங்கள் வீட்டுக்காரரின் தாளிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: அன்று புதன்கிழமை! போப் ரோமில் இருந்தால் புதன் காலையில் பெருங்கோவிலுக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பார், அது முடியும் வரை பெருங்கோவிலுக்குள் பார்வையாளர்களை விடமாட்டார்கள். 9.30-க்குப் போய் நின்றால் நாற்காலி வரிசைகளைத்தான் பார்க்கலாம். அதனால் காலையில் கொலோசியம், மதியத்துக்கு மேல் பெருங்கோவில், நடுவில் எதுவும் எழுதாமல் விடுங்கள். பெருங்கோவிலுக்கு இன்னொரு வசதி, துறைமுகத்துக்குத் திரும்புகிற ரயில் நிற்கும் சான் பியெட்ரோ ஸ்டேஷன் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கேயே ஏறிவிடலாம்.

நேப்பிள்ஸில் கப்பல் ஊருக்கு நடுவில் நிற்கிறது, இறங்கியதும் எதிரே கோட்டை, பத்து நிமிஷ நடையில் பெரிய சதுக்கம், சந்துக்குச் சந்து பீட்சா. பக்கத்தில் எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த பழைய நகரம் பொம்பெய், அது வேண்டுமென்றால் மட்டும் முன்பதிவு. 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை, டிக்கெட்டில் பெயர் இருக்கும்.

ஒரு விஷயம் யாரும் யோசிப்பதில்லை. ரோமில் கப்பலை விட்டுவிட்டால் மறுநாள் கப்பல் இருப்பது நேப்பிள்ஸில், வேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரம், கைக்காசு போகும் அவ்வளவுதான். நேப்பிள்ஸில் விட்டால் அடுத்த நிறுத்தம் பார்சிலோனா, நடுவில் ஒரு நாள் கடல். ஐந்து பேருக்குக் கடைசி நேர விமான டிக்கெட் எவ்வளவு என்று அவருடைய எக்ஸெல்லிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லோரும் ரோம் நாளில் பதறுகிறார்கள், பதற வேண்டியது நேப்பிள்ஸ் நாளில்.

மேல்தளத்துக்காரி:

நான் தென்னங்கீற்று கட்சி, வெட்கமே இல்லாமல்.

ரோமுக்குப் போகாதீர்கள் என்று யாருமே சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். ஆறு மணி நேரத்தில் ரோம் என்பது சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்கிற மாதிரி, கூட்டத்தைப் பார்த்துவிட்டு வரலாம். ஒரு ஊரை ஒழுங்காகப் பார்க்க ஆசை இருந்தால் தனியாக நாலு நாள் போட்டுப் போங்கள், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு. சிவிடவெக்கியாவே ஒரு ஊர்தான், துறைமுகத்திலேயே மைக்கேலாஞ்சலோ பெயரில் ஒரு கோட்டை, கடலோர நடைபாதை, உள்ளூர்க்காரர்கள் காய்கறி வாங்குகிற சந்தை. காலையில் ஒரு காபி குடித்துச் சுற்றிவிட்டு மதியம் கப்பலுக்குத் திரும்பினால், மூவாயிரம் பேர் ரோமுக்குப் போயிருப்பார்கள், நீச்சல் குளம் உங்கள் பிள்ளைகளுக்கே சொந்தம். மற்ற நாட்களில் சறுக்குக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தால் இந்த ஒரு நாளின் அருமை தெரியும்.

மற்றபடி கப்பலுக்குள் எதை முன்னாலேயே செய்ய வேண்டும் என்று கேட்டால், உண்மையில் கொஞ்சம்தான். சாப்பாட்டு நேரம் முதல் பந்தியா இரண்டாவது பந்தியா என்று பதிவு செய்யும்போதே கேட்பார்கள், மத்தியதரைக் கடல் கப்பல்களில் இரண்டாவது பந்தி இரவு ஒன்பதைத் தாண்டியும் ஆரம்பிக்கும், 7 வயதுப் பையன் தட்டிலேயே தூங்கிவிடுவான், அதனால் முதல் பந்தி கேளுங்கள். பெரிய கப்பல்களில் சில நிகழ்ச்சிகளுக்கு ஆப்பில் இடம் பிடிக்க வேண்டும், ஏறிய அன்றே பிடித்துவிடுங்கள். பிள்ளைகள் கிளப்புக்கும் முதல் நாளே பெயர் கொடுங்கள். வைஃபை வேண்டுமென்றால் ஏறும் முன் வாங்குவது பெரும்பாலும் மலிவு. கப்பல் கிளம்பியதும் போனை விமான மோடில் போடுங்கள், நடுக்கடலில் கப்பலின் செல் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொண்டால் பில்லைப் பார்த்து நெஞ்சு வலிக்கும்.

ஏறும்போது பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், சாயங்காலம்தான் அறை வாசலுக்கு வரும். மாத்திரை, பாஸ்போர்ட், பிள்ளைகளின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவும் அதே கதை, பெட்டியை வெளியே வைத்துவிட வேண்டும், மறுநாள் போட்டுக்கொள்ள ஒரு செட் துணியை எடுத்து வைத்துக்கொண்டு வையுங்கள்.

வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழித்துப் போடுங்கள். முந்தின நாள் இரவே மறுநாள் நிகழ்ச்சிகள் அறைக்கோ ஆப்பிலோ வந்துவிடும், காபியோடு அதைப் பார்த்து யாருக்கு எது பிடிக்கிறதோ அங்கே போங்கள். ஐந்து பேரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

தென்னங்கீற்று:

இவ்வளவு பேர் பதில் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, நன்றி.

இவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தார். புதன்கிழமை விஷயத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் தாளைத் திறந்து ஏதோ மாற்றினார். ஆனால் ரோமை விட அவர் தயாரில்லை, அவர் பள்ளியில் படித்த காலத்திலிருந்து கொலோசியம் ஆசையாம், அதை நான் தடுக்கப் போவதில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. ரோமுக்குக் கப்பல்காரர்களே பஸ்ஸில் கூட்டிப் போகிறார்கள், ஐந்து பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் ரயிலைவிடப் பல மடங்கு விலை. கொடுக்கலாமா? அடுத்தது மாமியார். அவர் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. முழங்கால் வலி வேறு, நடப்பார், ஆனால் அரை மணிக்கு ஒருமுறை உட்கார வேண்டும். அவரை வைத்துக்கொண்டு திட்டமில்லாமல் போவது சரியா என்பதில்தான் எனக்கே கொஞ்சம் தயக்கம்.

வேப்பமரநிழல்:

நான் உன் மாமியார் வயசுக்காரிதாம்மா, இரண்டு வயசு கூடவே இருக்கும். மகனும் மருமகளும் கூட்டிப் போய் இதே மாதிரிக் கப்பலில் போய் வந்திருக்கிறேன், அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன்.

முதலில் அவரிடம் கேட்டாயா? என்ன பார்க்க ஆசை என்று. நீங்கள் இரண்டு பேரும் உங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு அவரை ஒரு சாமான் மாதிரி அங்கே வைக்கலாமா இங்கே வைக்கலாமா என்று பேசுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. எங்கள் வயசில் பாதிப் பேருக்கு ஐந்து ஊரும் பார்க்க வேண்டும் என்றெல்லாம் கிடையாது. ஒரு நாள் எல்லோரும் இறங்கிப் போன பிறகு நான் மேல்தளத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, துறைமுகத்தில் கிரேன் பெட்டிகளை ஏற்றி இறக்குவதை மதியம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மருமகள்தான் பாவம், என்னைத் தனியாக விட்டுவிட்டோமே என்று ஊர் சுற்றும்போதெல்லாம் கவலைப்பட்டாளாம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் அவர் வருகிறேன் என்று சொன்னால் அந்த நாளைத் திட்டம் போட்டே ஆக வேண்டும். முழங்கால் வலிக்காரர்களுக்குத் திட்டம் என்பது எந்த நேரத்துக்கு எங்கே போகிறோம் என்பதில்லை, எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே, படி எத்தனை, இவ்வளவுதான். ரோமில் பழைய தெருக்களெல்லாம் கருங்கல் பாவியது, செருப்பு வழுக்கும், நல்ல ஷூ வாங்கிக் கொடு, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வாங்கிப் பழக்கு. பொம்பெயில் தரை அதைவிட மோசம், சக்கர நாற்காலி போகிற மாதிரி ஒரு பாதை தனியாகப் போட்டிருக்கிறார்கள், அதில் மட்டும் போகலாம். கப்பலில் இருக்கும் சக்கர நாற்காலியை ஊர் சுற்றக் கொடுக்கமாட்டார்கள் என்றே வைத்துக்கொள், வேண்டுமென்றால் மடக்குகிற நாற்காலி கொண்டு போ, இல்லாவிட்டால் வாடகைக்கு முன்பே சொல்லி வை. இந்த ஐந்து ஊரிலும் பெரும்பாலும் கப்பல் கரையை ஒட்டியே நிற்கும், சின்னப் படகில் மாறி இறங்குகிற அவஸ்தை இருக்காது, அது நல்ல விஷயம்.

சாப்பாட்டுக்கு, பயணத்துக்கு முன்பே கப்பல் நிறுவனத்துக்கு எழுதிப் போடச் சொல்லு, இந்திய சைவம், முட்டை கூடாது என்று தெளிவாக. ஏறிய முதல் இரவே மேசைத் தலைமைப் பரிமாறுநரிடம் நேரில் ஒருமுறை சொல்லிவிடு, மறுநாளிலிருந்து பருப்பு, காய், சாதம் என்று ஏதாவது செய்து கொடுப்பார்கள், நிறையக் கப்பல்களில் சமையலறையில் நம் ஊர்ப் பையன்களே இருப்பார்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்று பெட்டியில் இருக்கட்டும், அதற்கு எந்த எக்ஸெல்லும் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

கப்பல் பஸ் விலை பற்றிக் கேட்டீர்களே, அந்த விலையில் பாதி காப்பீடு மாதிரி. கப்பல்காரர்கள் நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்கள் செலவில் அடுத்த ஊருக்குக் கொண்டு சேர்ப்பார்கள். சொந்தமாகப் போனவர்களுக்கு அது கிடையாது. மேலும் வானிலையால் ஒரு ஊரில் நிற்காமல் போய்விட்டால் கப்பலில் எடுத்த சுற்றுலாப் பணம் திரும்பி வரும், வெளியில் எடுத்ததற்கு அவரவர் நிபந்தனை என்னவோ அதுதான். இரண்டு குழந்தை, ஒரு முழங்கால் வலி, ஒரே நாள். பஸ்ஸில் போங்கள் என்பேன்.

ரயில்சிநேகன் ரயிலை விட்டுக்கொடுக்கமாட்டார், தெரியும், ஆனால் இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே?

ரயில்சிநேகன்:

சொல்கிறேன், ஓடவில்லை.

இத்தாலியில் வேலைநிறுத்தம் உண்டு, அடிக்கடி உண்டு, ஆனால் திடீரென்று நடப்பது அபூர்வம். முன்னறிவிப்பு கொடுத்துத்தான் செய்ய வேண்டும், போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் தேதி வாரியாகப் பட்டியல் இருக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் புதன், வியாழன் இரண்டு நாளையும் அதில் பார்த்துவிடுங்கள். வேலை நாட்களில் நிறுத்தம் நடந்தாலும் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் ஓடியே ஆக வேண்டும் என்று விதி. காலையில் ரோமுக்குப் போய்விடலாம். திரும்பும்போதுதான் சிக்கல், ஏனென்றால் கப்பல் ஏழு மணிக்குக் கிளம்புகிறது என்றால் ஆறரைக்கோ அதற்கு முன்போ எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும், மாலை ரயில் உங்களுக்கு உதவாது. அப்படி ஒரு நாள் அமைந்தால் நானே பஸ்ஸில் போகச் சொல்வேன், அவ்வளவு வெறி இல்லை எனக்கு.

இன்னும் ஒன்று, கப்பல் நேரமும் ஊர் நேரமும் ஒன்றா என்று தினசரித் தாளில் பாருங்கள். உங்கள் பயணத்தில் மூன்று நாடுகளும் ஒரே நேரத்தில்தான் இருக்கின்றன, அதனால் கவலையில்லை, ஆனால் சென்னை நேரத்திலேயே கைக்கடிகாரத்தை வைத்திருக்கும் ஆட்களை எனக்குத் தெரியும்.

உப்புக்காற்று:

எல்லோரும் ரொம்ப உறுதியாகப் பேசுகிறீர்கள். காற்று பலமாக இருந்தால் கேப்டன் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போவார், டிக்கெட் நிபந்தனையில் அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு, துறைமுக வரி மட்டும் கணக்கில் திரும்பி வரும். நான் போனபோது மார்செய் அப்படித்தான் போயிற்று. காலை எட்டு மணிக்கு அறிவிப்பு, எட்டரைக்கு வரவேற்பு மேசையில் சண்டை, பத்து மணிக்கு எல்லோரும் குளத்தில்.

அதனால் தென்னங்கீற்று வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு யோசனை, ஒவ்வொரு தாளிலும் கடைசி வரிசையில் "இந்த ஊரே இல்லை என்றால்?" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பணம் திரும்பாத டிக்கெட் எத்தனை வாங்குகிறோம் என்பது அதில் தெரிந்துவிடும்.

தென்னங்கீற்று:

மாமியாரிடம் கேட்டேன். வேப்பமரநிழல் அம்மா சொன்னது சரி, அவருக்கு ரோம் வேண்டாமாம்! ரயிலில் கடலோரம் போவது, அந்த ஐந்து கிராமம், அது மட்டும் வேண்டுமாம், மற்ற நாளெல்லாம் கப்பலில் இருக்கிறேன் என்கிறார். பையனும் பாட்டியோடு இருக்கிறேன் என்று குதிக்கிறான், குளம் காலியாக இருக்கும் என்று நான் வாய் தவறிச் சொன்னதால். ஆனால் 68 வயதுக்காரரிடம் 7 வயதுப் பையனைக் குளத்தருகே விட எனக்கு மனசில்லை, அதனால் நானும் இருந்துகொள்வேன். இவரும் பெண்ணும் மட்டும் ரோம். ஆக, நான் நினைத்தது எனக்கும் அவர் நினைத்தது அவருக்கும் அமைந்துவிட்டது. வியாழன் பொம்பெய்க்கு எல்லோருமாகப் போவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் கேட்கும் என்கிறீர்கள். இவருக்கு பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, இனிஷியலும் இல்லை, பெயர் மட்டும்தான். பெண்ணுக்கோ அப்பா பெயர் சர்நேமாக இருக்கிறது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

கணக்குப்பிள்ளை:

நம் ஆட்கள் எல்லோருக்கும் இருக்கிற தொல்லை இது. பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துகளைத் தவிர வேறு எதையும் சேர்க்காதீர்கள், இனிஷியலை விரிக்காதீர்கள், ஊரில் கூப்பிடுகிற பெயர் வேண்டாம். சர்நேம் கட்டாயம் என்று கட்டம் அடம்பிடித்தால் இரண்டு கட்டத்திலும் அதே பெயரை எழுதுங்கள், வாசலில் இருப்பவர் பாஸ்போர்ட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் போதும். சில கப்பல்களில் விசாக்காரர்களின் பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள், அப்படியானால் முதல் பக்கத்தின் நகல் கையில் இருக்கட்டும், ரோமுக்குப் போகும் முந்தின நாள் வரவேற்பு மேசையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணுக்கு 18 வயதுக்குக் கீழ் என்பதால் கொலோசியத்தில் கட்டணம் இல்லை, ஆனால் கட்டணமில்லாத டிக்கெட் ஒன்று அவள் பெயரிலும் எடுக்க வேண்டும், அதை விட்டுவிடாதீர்கள். அதிகாரப்பூர்வத் தளத்தில் சுமார் 30 நாளுக்கு முன்னால்தான் திறக்கும், காலை நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஏப்ரலில் இத்தாலி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால், அலாரத்தை அந்தக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள்.